ட்ரவுட்டுக்கு மூன்று நிம்ஃப்: கம்பி, இறகு, கொஞ்சம் ரோமம்

மீன்பிடிக்க ஃப்ளை, அதாவது செயற்கைப் பூச்சி, கட்டப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய பெட்டி நிறையச் சாமான்களோடு வருகிறார்கள். பத்து நிறத்தில் நூல், மயில் பீலி, மினுமினுக்கும் நாடா, ரப்பர் கால்கள் என்று எல்லாம் இருக்கும். எங்கள் கிளப்பில் குளிர்கால மாலைகளில் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது அந்தப் பெட்டியை மூடி ஓரமாக வைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. மேசை மேல் இருக்க வேண்டியவை: தூண்டில் முள், மெல்லிய செம்புக் கம்பி, ஆண் ஃபெசன்ட் கோழியின் வால் இறகு, முயல் ரோமம், நான்கைந்து சிறு உலோக மணிகள், கட்டுவதற்கு மெல்லிய நூல், கொஞ்சம் கம்பளி நூல். இவற்றில் மூன்று நிம்ஃப் கட்டலாம். இங்கிலாந்தின் டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றுக்குப் போகும்போது என் பெட்டியில் பெரும்பாலும் அந்த மூன்றுதான் இருக்கும். ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் முடிந்து கிரேலிங் மீனுக்காகக் குளிரில் நிற்கும்போதும் அவையேதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃப்ளை மீன்பிடிப்பில் புழு, மாவு என்று எந்த இரையும் கிடையாது. முள்ளின் மேலேயே இறகும் ரோமமும் சுற்றி, மீன் தின்னும் பூச்சியின் உருவத்தைக் கொண்டுவருகிறோம். நீர்மேல் மிதக்கக் கட்டினால் அது உலர் ஃப்ளை. நீருக்கடியில் வாழும் இளம்பூச்சிக்குப் பதிலாகக் கட்டினால் அது நிம்ஃப். மேஃப்ளை என்ற பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றுக் கற்களுக்கடியில் நிம்ஃபாகத்தான் கழிக்கிறது. சிறகு முளைத்து வெளியே வந்தபின் அதற்குச் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். அப்படியானால் ட்ரவுட்டின் சாப்பாடு பெரும்பாலும் எங்கே கிடைக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நீர்ப்பரப்பு அசையாமல் கிடக்கும் நாளிலும் கீழே பந்தி நடந்துகொண்டுதான் இருக்கும்.

நிம்ஃப் கட்டுவதில் நான் பார்க்கும் வரிசை இது: முதலில் எடை, அடுத்து ஒல்லி, பிறகு அளவு, கடைசியில்தான் நிறம். மீன் இருக்கும் ஆழத்துக்குப் போகாத நிம்ஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. ஒல்லியாக இல்லாதது நீரில் மெதுவாக இறங்கும். அதற்குள் ஆறு அதை மீனைத் தாண்டி இழுத்துப் போய்விடும். கடையில் விற்கும் நிம்ஃப்களில் பாதிக்கு மேல் தொப்பையோடு இருக்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று பொருளை அள்ளிச் சுற்றியிருக்கிறார்கள்.

கட்டும் முன் கல்லைப் புரட்டுங்கள்

முள்ளைப் பிடிக்கும் வைஸ் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டோடு ஆற்றுக்குப் போங்கள். முழங்கால் ஆழத்துக்கும் குறைவாக, ஓடும் நீரில், கை கொள்ளும் அளவுக் கல்லை மெதுவாகத் தூக்குங்கள். அடிப்பக்கத்தைத் தட்டில் ஆற்று நீரால் கழுவி விடுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டு உயிர்பெறும்.

தட்டையாகக் கல்லோடு ஒட்டி நண்டு நடையாக நகர்பவை ஒரு வகை. அவை வேகமான நீரில் கல்லை இறுகப் பிடித்து வாழ்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, உடலை மேலும் கீழும் வெட்டி வெட்டி நீந்துகிற சின்ன, உருண்ட உடல் கொண்டவற்றைப் பாருங்கள். பேயட்டிஸ் குடும்பம். இங்கே ஆலிவ் என்று அழைக்கப்படும் பூச்சிகளின் நிம்ஃப் அதுதான். வளர்ந்ததைத் தட்டில் வைத்து அளந்தால் வாலை விட்டுவிட்டு ஆறேழு மில்லிமீட்டர் வரும். மூன்று வால். வயிற்றின் இரு ஓரத்திலும் இலை வடிவில் செவுள்கள் படபடக்கும். நெஞ்சின் மேல் இரண்டு சிறு மேடு. சிறகு அதற்குள்தான் மடிந்திருக்கிறது. வெளியே வரும் நாள் நெருங்க நெருங்க அந்த மேடு கறுத்துக்கொண்டே போகும். அது நீந்தும்போது கால்களைக் கவனியுங்கள். பின்னால் மடக்கி உடலோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. அப்போது தெரிவது ஒரு தடித்த நெஞ்சு, குறுகிக்கொண்டே போகும் உடல், வால். அவ்வளவுதான்.

பார்த்து முடிந்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வையுங்கள். தட்டு நீரையும் அங்கேயே ஊற்றுங்கள்.

கால்கள் மடங்குவதைப் பார்த்து அதிலிருந்து ஒரு நிம்ஃபை உண்டாக்கியவர் ஃபிராங்க் சாயர். 1906இல் பிறந்து 1980இல் இறந்தவர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் மேல்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆற்றுக் காவலர். அவருக்கு முன் கட்டப்பட்ட நிம்ஃப்களில் கால்களுக்கென்று கோழி இறகைச் சுற்றுவார்கள். நீந்தும் நிம்ஃபுக்குக் கால் தெரியாதே, அப்புறம் எதற்கு என்று அவர் விட்டுவிட்டார். நூலையும் விட்டார். கம்பியே எடையாகவும், கட்டும் நூலாகவும், இறகுக்குள் மினுங்கும் நிறமாகவும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். இரண்டே பொருளில் ஒரு ஃப்ளை. இன்றுவரை இதைவிடச் சுத்தமான ஒரு யோசனையை இந்தக் கலையில் நான் பார்க்கவில்லை.

சாமான்

வைஸ் என்பது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சிறு இடுக்கி. மேசை ஓரத்தில் திருகி மாட்டிக்கொள்ளலாம். சுழலும் வகை எல்லாம் ஆரம்பத்தில் தேவையில்லை. முள்ளை அசையாமல் பிடித்தால் போதும். நூல் உருளையைத் தாங்கும் பாபின் ஒன்று. கூர்மையான சின்னக் கத்தரி ஒன்று. கம்பி வெட்ட வேறொரு பழைய கத்தரி. நல்ல கத்தரியால் கம்பியை வெட்டினால் அதன் நுனி போய்விடும், பிறகு ரோமம்கூட வெட்டாது. வெளிச்சத்துக்கு மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். வெள்ளை விளக்கு ஒன்று பக்கவாட்டில், முள்ளுக்குப் பின்னால் ஒரு வெளிர் நிறக் காகிதம். நாற்பது தாண்டியவர்களுக்கு இந்தக் காகிதம் ஒரு கண்ணாடிக்குச் சமம்.

முள் எண்ணில் ஒரு குழப்பம் வரும்: எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறியது. 12, 14, 16 இந்த மூன்றும் வாங்குங்கள். முள்ளின் பகுதிகளை நான் இப்படிச் சொல்வேன்: தூண்டில் நரம்பு கோக்கும் வளையம் காது, நேர்ப்பகுதி தண்டு, பிறகு வளைவு, முனை. முனைக்குச் சற்று உள்ளே எதிர்ப்பக்கமாக ஒரு சிறு செதில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைஸில் மாட்டும் முன்பே குறட்டால் அழுத்தித் தட்டையாக்கி விடுங்கள். மீனைத் திருப்பி விடும்போது முள் வழுக்கி வந்துவிடும், காயமும் சின்னது. கட்டி முடித்தபின் அழுத்தப் போனால் சில முள் அங்கேயே முறியும், உழைப்பு வீண்.

கம்பி 0.1 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரை. ஃப்ளை கடைகளில் அழகான சுருளில் விற்கிறார்கள். பழைய சின்ன மோட்டாரோ மின்மாற்றியோ கழற்றிக் கிடந்தால் அதன் காயிலில் வாழ்நாளுக்குப் போதுமான கம்பி இருக்கிறது. மேல்பூச்சினால் அது கருஞ்சிவப்பாக இருக்கும். எனக்குப் பளபளக்கும் புதுச் செம்பைவிட அந்த நிறமே பிடிக்கும்.

ஃபெசன்ட் இறகு இங்கே அக்டோபர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை எளிதாகக் கிடைக்கும். அது வேட்டைப் பருவம். கிராமத்துக் கறிக்கடையில் கேட்டால் வால் இறகைச் சும்மாவே தருவார்கள். வாலின் நடுவில் இருக்கும் நீளமான இறகுதான் வேண்டும். அதன் இழைகள் செம்பழுப்பாக, நீளமாக இருக்கும். இப்படிக் கிடைத்த இறகையும் ரோமத்தையும் நேராகப் பெட்டியில் போடாதீர்கள். உறையில் போட்டு இறுக மூடி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு எடுங்கள். அந்துப்பூச்சியின் முட்டை ஒன்று உள்ளே வந்தால் பெட்டி முழுவதும் போய்விடும்.

முதல் நிம்ஃப்: சாயரின் ஃபெசன்ட் டெய்ல்

16ஆம் எண் முள்ளை வைஸில் தண்டு படுக்கையாக இருக்கும்படி மாட்டுங்கள். கம்பியைக் காதுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கி, அதன் மேலேயே நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் காலி இடம் கடைசி வரை காலியாக இருக்க வேண்டும். புதியவர்கள் கட்டியதை ஆற்றங்கரையில் நரம்பு கோக்க முடியாமல் போவது இந்த இடம் அடைபட்டதால்தான்.

அங்கிருந்து சுற்றுக்குச் சுற்று ஒட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், வளைவு தொடங்கும் இடம் வரை போங்கள். பிறகு திரும்பி வந்து, தண்டின் முன்பகுதியில், மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குள், முன்னும் பின்னுமாகச் சுற்றி ஒரு சிறு மேடு எழுப்புங்கள். நிம்ஃபின் நெஞ்சு இது. எடையின் பெரும்பகுதி இங்கே இருப்பதால் நீரில் தலை கீழாக இறங்கும். மேடு எழுந்ததும் கம்பியைத் தளர்வான சுற்றுகளில் வளைவுக்குக் கொண்டுபோய் விடுங்கள். இப்போது நிறுத்திப் பாருங்கள். இறகு இல்லாமலே, இந்தக் கம்பி மட்டுமே நீங்கள் தட்டில் பார்த்த உருவமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்துச் சுற்றுங்கள். மேலே இறகு போட்டுச் சரிசெய்ய முடியாது.

இறகுத் தண்டிலிருந்து நான்கு இழைகளை எடுக்க வேண்டும். அவற்றை இறகுத் தண்டுக்குச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தால் நுனிகள் ஒரே மட்டத்துக்கு வரும். அப்படியே பிடித்துக்கொண்டு அடியில் வெட்டுங்கள், பிய்க்க வேண்டாம். நுனிகள் வளைவைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி முள்ளின் தண்டு மேல் வைத்து இரண்டு மூன்று கம்பிச் சுற்றால் கட்டுங்கள். நுனிகள் வாலாகிவிட்டன. நீளமாக விட வேண்டாம்.

இனி வருவதுதான் இந்த ஃப்ளையின் உயிர். வாலுக்குப் பின் மிச்சமிருக்கும் நான்கு இழைகளையும் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இழைகள் கம்பியைச் சுற்றிக்கொள்ளும்படி விரல்களால் முறுக்குங்கள். ஐந்தாறு முறுக்குப் போதும். அதிகம் முறுக்கினால் இழை அறும். இப்போது இறகும் கம்பியும் சேர்ந்து ஒரே கயிறு. இந்தக் கயிற்றைத் தண்டில் சுற்றிக்கொண்டே முன்னால் வாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முறுக்குத் தளர்ந்ததா என்று பார்த்து மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள். இழைகளுக்கிடையே செம்பு அங்கங்கே மின்னும். இழைகளின் பக்கவாட்டுப் பிசிறுகள் வெளியே நிற்கும். அந்தப் பிசிறுதான் செவுள். தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். கம்பி உள்ளே ஓடுவதால் ட்ரவுட்டின் பல் பட்டு ஒரு இழை அறுந்தாலும் உடல் அவிழாது.

நெஞ்சு மேட்டையும் சுற்றிக் காதுக்குப் பின்னால் வந்ததும் கம்பியையும் இழைகளையும் பிரியுங்கள். கம்பியால் இழைகளை அங்கே இரண்டு சுற்றுக் கட்டி, கம்பியை மட்டும் மேட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். இழைகளை மேட்டின் மேலாகப் பின்னால் மடக்கிக் கம்பியால் ஒரு கட்டு. கம்பி மறுபடி முன்னால், இழைகளும் மடங்கி முன்னால், ஒரு கட்டு. இழை நீளம் இருந்தால் இன்னொரு முறை. மேட்டின் முதுகில் இரண்டு மூன்று அடுக்காக இறகு படிந்து அந்த இடம் மட்டும் கருமையாகத் தெரியும். தட்டில் பார்த்த கறுத்த சிறகு மேடு இதுதான்.

முடிச்சு: கம்பியை விரலில் ஒரு வளையமாக்கி, காதுக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். மூன்று முறை. பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மல்லிகைக் காம்புகளை நாரால் சுற்றி, விரலில் வளையம் போட்டு, இழுத்து இறுக்கும் அதே கை அசைவு. மீதிக் கம்பியை வெட்ட வேண்டாம். முள்ளோடு ஒட்டிப் பிடித்து வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அடியோடு முறிந்துவிடும், முனை வெளியே குத்தாது. இழைகளை மட்டும் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு துளியை ஊசி முனையால் முடிச்சின் மேல் வையுங்கள். காதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு அல்லது எட்டு ஒரே அளவில் கட்டிவிட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். எட்டாவது முதலாவதைவிட ஒல்லியாக இருந்தால் கை சரியான திசையில் போகிறது.

இரண்டாவது: மணி வைத்த முயல் ரோமம்

சாயரின் நிம்ஃப் தொடை ஆழம் வரை, மிதமான ஓட்டத்துக்கு. மழை பெய்து டெர்வென்ட் ஏறி, பழுப்பாக ஓடும்போது அது கீழே போவதற்குள் ஆறு அதைத் தூக்கிப் போய்விடும். அப்போது டங்ஸ்டன் மணி வேண்டும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3. அதே பருமனில் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு எடை. பித்தளை மணி விலை குறைவு. ஆழம் குறைந்த இடத்துக்கு அதுவும் பரவாயில்லை. ஈயம் என் மேசையில் கிடையாது. இங்கே அன்னங்கள் கரையோரத்தில் கிடந்த, தூண்டில் நரம்பில் எடைக்காக மாட்டும் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. 1987இல் அந்தக் குண்டுகளைத் தடை செய்த பிறகுதான் அன்னங்கள் பெருகின.

14ஆம் எண் முள்ளுக்கு 2.8 மி.மீ. மணி, 12க்கு 3.3, 16க்கு 2.4. காதுப் பக்கம் கழுத்து வளைந்த ஜிக் முள் வாங்கினால் நல்லது. அதில் முனை மேல்நோக்கி நீந்துவதால் கற்களில் மாட்டுவது குறையும். ஆனால் அந்த முள்ளுக்கு ஒரு பக்கம் வெட்டு விட்ட மணிதான் பொருந்தும். சாதா மணி கழுத்தில் நிற்காது. மணியின் சின்ன ஓட்டை வழியாக முனையை நுழைத்துக் காது வரை தள்ளுங்கள்.

ரோமம் காட்டு முயலின் முகத்தோலிலிருந்து. கன்னத்தில் மென்மையான சாம்பல் ரோமம், காதில் குட்டையான விறைத்த ரோமம். கன்னம் இரண்டு பங்கு, காது ஒரு பங்கு, விரல்களுக்கிடையே பிய்த்துப் பிய்த்துக் கலக்க வேண்டும். மென்மையானது நூலைப் பிடிக்கும். விறைத்தது வெளியே குத்திட்டு நின்று கால்களாகும்.

மெல்லிய பழுப்பு நூலை மணிக்குப் பின்னால் தொடங்கி வளைவு வரை சுற்றுங்கள். அங்கே ஐந்து அங்குலக் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள். இப்போது ரோமத்தில் ஒரு கிள்ளு. நீங்கள் எடுத்ததில் பாதியைத் திருப்பி வையுங்கள். அதிலும் பாதியை வையுங்கள். மிச்சமிருப்பதை நூலின் மேல் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே திசையில் உருட்டுங்கள். முன்னும் பின்னுமாக உருட்டினால் ஒட்டுவது உடனே அவிழும். ரோமத்துக்குள் நூலின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். அந்த அளவுதான் சரி. அந்த நூலைச் சுற்றிக்கொண்டு மணி வரை வாருங்கள். மணியை நெருங்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் ரோமம் சேர்க்கலாம்.

கம்பியை நூல் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில், அகலமாக நான்கைந்து சுற்றில் மணிக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். அதே திசையில் சுற்றினால் கம்பி ரோமச் சுற்றுகளுக்கிடையே மறைந்து போகும், எதையும் பிடித்து வைக்காது. மணிக்குப் பின்னால் காது ரோமம் மட்டும் ஒரு சின்னக் கிள்ளு, இரண்டு சுற்று. முடிச்சு. பழைய பல்துலக்கியால் அடிவயிற்றை இரண்டு முறை தேய்த்தால் ரோமம் எழுந்து நிற்கும். வால் வைப்பதில்லை. வைத்ததற்கும் வைக்காததற்கும் மீன் ஒரு வித்தியாசமும் காட்டியதில்லை.

ஒரு யோசனை: முடிச்சுப் போடும் நூலின் நிறத்தை மணி அளவுக்கேற்ப மாற்றுங்கள். எனக்கு 2.4 கறுப்பு, 2.8 பழுப்பு, 3.3 சிவப்பு. ஆற்று நடுவில் கண்ணாடி இல்லாமல் பெட்டியைத் திறந்தாலும் எது எவ்வளவு எடை என்று தெரியும்.

மூன்றாவது: கில்லர் பக்

இதுவும் சாயருடையது, கிரேலிங்குக்காகக் கட்டியது. இங்கே சுண்ணாம்புக்கல் நாட்டு ஆறுகளில் நன்னீர் இறால் ஏராளம். குறிப்பாக வை ஆறு. பக்ஸ்டனிலிருந்து பேக்வெல் வழியாக வந்து ரோஸ்லியில் டெர்வென்ட்டோடு சேர்கிறதே, அது. இந்த ஃப்ளை அந்த இறாலாகவும் தெரியும், காடிஸ் என்ற நீர்ப்பூச்சியின் புழுவாகவும் தெரியும்.

12 அல்லது 14ஆம் எண் முள்ளில் கம்பியை இரண்டு அடுக்கு, மேடு இல்லாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். காதுக்குப் பின்னால் கம்பளி நூலின் நுனியைக் கம்பியால் கட்டிவிட்டு, கம்பியை வளைவுக்குக் கொண்டுபோய் விடுங்கள். கம்பளி நூலை வளைவு வரை, திரும்பக் காது வரை, மறுபடி வளைவு வரை சுற்றி அங்கே கம்பியால் கட்டி முடியுங்கள். இரு முனையும் ஒடுங்கி நடு சற்றே பருத்திருக்க வேண்டும். முடிந்தது.

நூலின் நிறம்தான் இதில் விஷயம். சாயர் பயன்படுத்தியது சாட்விக்ஸ் 477 என்ற தையல் கம்பளி. இளஞ்சிவப்புச் சாயல் உள்ள சாம்பல் பழுப்பு. அதன் தயாரிப்பு 1960களில் நின்றது. மிச்சமிருந்த அட்டைகளை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தேட வேண்டாம். ஜேமிசன்ஸ் ஆஃப் ஷெட்லண்டின் ஸ்பின்ட்ரிஃப்ட் நூலில் ஆய்ஸ்டர் என்ற நிறம் வேலை செய்யும். இரண்டு இழை நூல் அது. சின்ன முள்ளுக்கு ஒரு இழையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது நூலை நனைத்துப் பாருங்கள். காய்ந்த நிறத்தை மீன் பார்ப்பதில்லை. நனைந்ததும் கருத்து, உள்ளே இருக்கும் செம்பின் சூடு லேசாக வெளியே தெரிந்தால் அந்த நூலை எடுத்துக்கொள்ளலாம்.

நீரில்

வலிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போகும் ஆற்றின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். வை ஆற்றின் சில பகுதிகளில் உலர் ஃப்ளை மட்டும்தான், நிம்ஃப் கூடாது. நிம்ஃப் போடுவது முறையா என்பதே இந்த நாட்டில் ஒரு பெரிய வழக்கு. 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் வைத்தார்கள். நிம்ஃப் மீன்பிடிப்பின் முன்னோடி, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்கியூஸ், நிம்ஃபுக்காகப் பேசினார். பெரும்பாலோர் அவருக்கு எதிர்ப்பக்கம். சாயரை அவர் ஊக்கப்படுத்தியதும் உண்டு. அந்தக் கிழவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆற்று விதியை மதிப்பது வேறு, அது வேறு. இங்கிலாந்தில் 13 வயது முதல் தூண்டில் உரிமம் வேண்டும். 16 வரை அது இலவசம்.

ஊட்டிப் பக்கத்துக்காரர்கள் சிலர் இதே நிம்ஃப் நீலகிரிக்கும் பொருந்துமா என்று கேட்கிறார்கள். அவலாஞ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரெயின்போ ட்ரவுட் பொரிப்பகம் வந்துவிட்டது. மலை ஓடைகளில் மேஃப்ளை நிம்ஃப் இருக்கிறது. கல்லைப் புரட்டி அளவு பார்த்துக் கட்டினால் பொருந்தாமல் போகக் காரணமில்லை. ஆனால் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கூடாது. மற்ற இடங்களிலும் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள்.

நுனி நரம்பு 0.13 மி.மீ. அளவில் இருக்கட்டும். தடித்த நரம்பு நீரில் இழுபட்டு நிம்ஃபை மேலே தூக்கும். முள்ளில் சேர்த்த எடையெல்லாம் வீண். ஓட்டத்துக்கு மேற்பக்கமாக வீசி, நீரின் வேகத்திலேயே அது வரட்டும். நரம்பு நீரைத் தொடும் இடத்தில் கண் வையுங்கள். அது ஒரு கணம் நின்றாலோ, பக்கவாட்டில் நழுவினாலோ கோலை லேசாக உயர்த்துங்கள். பாதி நேரம் அது கல்லாக இருக்கும். இருக்கட்டும். இடைக்கிடையே அடியைத் தொடுகிறது என்றால் எடை சரி. தொடவே இல்லையென்றால் அடுத்த பெரிய மணி; ஒவ்வொரு வீச்சிலும் மாட்டுகிறதென்றால் ஒரு அளவு குறையுங்கள். நிறத்தை மாற்றும் முன் எடையை இரண்டு முறை மாற்றிப் பாருங்கள்.

தெளிந்த நீரில் மீன் கண்ணுக்குத் தெரிந்தால் சாயரின் சின்ன நிம்ஃபை அதற்கு மேலே, நேர்க்கோட்டில் போடுங்கள். அது மூழ்கி மீனின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வரும்போது கோலை மெதுவாக உயர்த்தினால் நிம்ஃப் எழும்பும். வெளியே வரப் புறப்பட்ட பூச்சி எழும்புவதும் அப்படித்தான். அதுவரை நகராமல் நின்ற மீன் திரும்பி, வாய் வெள்ளையாக ஒருமுறை திறந்து மூடும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தே ஓர் இரவு வையுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடித்து, காலையில் கம்பளி நூல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். முனை மழுங்கியதைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பாருங்கள். கீறாமல் வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். கம்பியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டால் அடுத்ததற்கு ஆகும்.